ஒன்பது அடி

ரேஞ்சர் கண் விழித்தபோது ஆறு மணி ஆக ஐந்து நிமிடம் இருந்தது. நாலு நாளாக விடாத மழை. குவார்ட்டர்ஸின் தகரக் கூரையில் அது கொட்டிய சத்தத்தில் அலாரம் அடித்ததே கேட்கவில்லை. பக்கத்தில் மனைவி இல்லை. சமையல்கட்டில் தீப்பெட்டி உரசும் சத்தமும், நமத்துப்போன குச்சிக்கு அவள் சொல்லும் வசவும் கேட்டன.

ஆறு மணிக்கு ஆற்றின் அளவு எடுக்க வேண்டும். வனத்துறைப் பூங்காவின் தென்கோடியில் ஆறு வளையும் இடத்தில் ஒரு இரும்புக் கம்பம் நட்டிருந்தார்கள். அடிக்கு ஒரு கோடாகச் சிவப்பும் வெள்ளையும் பூசிய கம்பம். தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று நேரில் போய்ப் பார்த்து, நோட்டில் எழுதி, வெள்ளக் கண்காணிப்புக் கன்ட்ரோல் ரூமுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். குவார்ட்டர்ஸிலிருந்து இறங்கிப் போக இருபது நிமிடம், ஏறி வர அரை மணி நேரம். வழி நெடுக வழுக்குப் பாறை. மழைக்காலத்தில் அட்டை வேறு.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவருக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. அந்த வாரம் சமையல்கட்டு ஜன்னலிலேயே நின்று பார்த்தார். ஆற்றின் நடுவே கூன் விழுந்த முதுகு மாதிரி ஒரு பாறை உண்டு. அது முக்கால்வாசி தெரிந்தால் ஐந்து அடி. பாதி தெரிந்தால் ஏழு. உச்சி மட்டும் தெரிந்தால் ஒன்பது. பத்து அடி வந்தால் பாறையே தெரியாது. அப்படிக் கணக்குப் போட்டு எழுதியதை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. சுளுக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. பழக்கம் சரியாகவில்லை.

மற்ற வேலைகளில் அவரை ஒருவர் குறை சொல்ல முடியாது. மரம் வெட்ட வந்தவர்களைத் தனி ஆளாக மறித்து மண்டையில் ஆறு தையல் போட்டுக்கொண்டவர். லஞ்சம் என்று ஒரு டீ கூட யாரிடமும் வாங்கிக் குடித்ததில்லை. அதனாலேயே இந்த ஒரு விஷயத்தில் தன்னை அவர் தாராளமாக மன்னித்துக்கொண்டிருந்தார்.

ஜன்னல் கண்ணாடியைப் புறங்கையால் துடைத்துவிட்டு வெளியே பார்த்தார். விடிந்தும் விடியாத வெளிச்சம். கலங்கிய தண்ணீரின் நடுவே கறுப்பாக ஒரு மேடு தெரிந்தது. உச்சி தெரிகிறது. ஒன்பது. நோட்டில் எழுதினார். கன்ட்ரோல் ரூமுக்குப் போன் செய்து சொன்னார். முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் போன் அடித்தது. மச்சினன்.

மச்சினன் என்றாலும் அவனை மகன் என்றுதான் சொல்ல வேண்டும். மனைவியை விடப் பதினோரு வயது சின்னவன். தாயில்லாமல் போன பிறகு அக்கா கையில் சோறு தின்று வளர்ந்தவன். கல்யாணமாகி வந்தபோது அவள் ஒரு பெட்டியையும் இந்தத் தம்பியையும் கொண்டு வந்தாள் என்று ரேஞ்சரே கேலி செய்வார். இப்போது பூங்காவுக்குக் கீழே, ஊருக்குக் குடிநீர் ஏற்றும் ஆற்றங்கரைப் பம்ப் ஹவுஸில் ஆபரேட்டர். வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. பம்ப் ஹவுஸின் உள்தரை பள்ளம்; வாசற்படி அதைவிட மூன்றடி உயரம், கம்பத்துக் கணக்கில் பதினாலு அடி மட்டம். தண்ணீர் அதற்கு மேல் வரும்போலிருந்தால் முன்கூட்டியே மோட்டார்களைக் கழற்றி, சங்கிலிக் கப்பியில் மாட்டி, மேல்தளத்துக்குத் தூக்கிவிட வேண்டும்.

"மாமா, எவ்வளவு?"

"ஒம்போது."

"அவ்வளவுதானா? இங்க சத்தம் ஒரு மாதிரியா கேக்குது. போய்ப் பாத்தீங்களா?"

"பாக்காம சொல்லுவேனாடா?"

"கோச்சுக்காதீங்க. நீங்க சொன்னா சரிதான். அப்ப பதினாலு வர மத்தியானம் ஆயிடும். ஹெல்ப்பர ஒம்போது மணிக்கு வரச் சொன்னாப் போதும். பாவம், அவன் பிள்ளைக்குக் காய்ச்சல். நான் ஏழரை மணிக்குப் போய் நட்டு போல்ட்ட கழட்ட ஆரம்பிக்கிறேன். அக்காகிட்ட சொல்லுங்க, மத்தியானம் அங்க சாப்பிட வரேன்னு."

மனைவி டீயை ஆற்றிக்கொண்டே நின்றிருந்தாள். அவள் பார்வை ஒரு கணம் கதவுப் பக்கம் போனது. அவருடைய மழைக்கோட்டு ஆணியில் தொங்கியது. அதன் கீழே பூட்ஸ். இரண்டும் காய்ந்து கிடந்தன. அவள் டம்ளரை அவர் முன்னால் வைத்தாள்.

"டீ ஆறுது," என்றாள்.

ஏழு மணிக்கு ஜீப் வந்தது. டிரைவருக்கு ஊர் வைத்த பெயர் 'ரேடியோ'. ஏறி உட்கார்ந்தால் இறங்கும் வரை வாய் ஓயாது. நிறுத்த வேண்டுமானால் ஜீப்பைத்தான் நிறுத்த வேண்டும் என்பார்கள். அன்று அவன் மாமியார் வீட்டுக் கூரை ஒழுகிய கதையோடு ஆரம்பித்தான். மழை வைப்பரை மீறி அடித்தது. ரேஞ்சர் ஒரு துணியால் உள்பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

முதலில் மான் கொட்டில். வேலியோரம் தண்ணீர் நக்க ஆரம்பித்திருந்தது. மேட்டுப்பக்கக் கதவைத் திறந்துவிட்டால் மான்கள் தாமாக மேலே போய்விடும் என்றுதான் சுற்றறிக்கையில் எழுதியிருந்தது. கதவைத் திறந்து கால் மணி நேரம் ஆயிற்று. ஒன்று கூட அசையவில்லை. பதினேழும் தீவனத் தொட்டியைச் சுற்றி நின்று, எப்போது போடப்போகிறாய் என்பது மாதிரி இவர்களையே பார்த்தன.

"வாடகை இல்லாத வீடு சார். யாரு காலி பண்ணுவா?" என்றான் ரேடியோ.

கடைசியில் தீவன மூட்டையை ரேஞ்சர் தோளில் போட்டுக்கொண்டு, பின்னால் ஒரு ஓட்டையைக் கிழித்து, சேற்றில் வழுக்கி வழுக்கி மேட்டில் ஏறினார். சிந்திய தவிட்டை மோந்துகொண்டே மான்கள் வரிசையாக வந்தன. மேலே போய்ச் சேர்ந்தபோது முழங்கால் வரை சேறு. முதுகில் தவிடு நனைந்து மாவாக ஒட்டியிருந்தது. ரேடியோ கை தட்டினான். அவருக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அடுத்தது படகுத்துறை. அங்கே குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார் ஒரு மனிதர். வாராவாரம் வருபவர்தான். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"பூங்கா மூடியாச்சுன்னு போர்டு போட்டிருக்கே, பாக்கலியா?" என்றார் ரேஞ்சர்.

"பாத்தேன். இந்தக் கலங்கல்லதான் பெருசு மாட்டும். ஒண்ணே ஒண்ணு. மாட்டினதும் போயிடறேன்."

"தண்ணி ஏறிக்கிட்டிருக்கு பெரியவரே."

"வரட்டும், எனக்குத் தெரியாத ஆறா? நான் கண்ணாலயே அளந்துடுவேன்."

ரேஞ்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கண்ணால அளக்குறதுக்கு இது துணிக்கடை இல்ல. ஒரு விதின்னு எதுக்கு வெச்சிருக்கு? உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்களத் தேடிக்கிட்டு எத்தன பேரு உயிரப் பணயம் வெக்கணும்? ஒருத்தரு அலட்சியத்துக்கு இன்னொருத்தரு பலியாகணுமா?" என்று பொரிந்து தள்ளினார். பெரியவர் தூண்டில் நரம்பைச் சுற்றத் தொடங்கினார். தான் பேசிய அந்தப் பேச்சு அன்று மாலை ரேஞ்சருக்கு வார்த்தை பிசகாமல் ஞாபகம் வந்தது. மற்றதெல்லாம் மறந்தாலும் அது மட்டும் மறக்காமல் பல நாள் கூடவே இருந்தது.

பெரியவரை மேலே கேட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது மணி எட்டே கால். ஆற்று வளைவுக்கு மேலாகப் போகும் பாதையில் ரேடியோ பேச்சை நிறுத்தினான். ஜீப்பையும் நிறுத்தினான்.

"சார், கம்பத்தப் பாருங்க."

கம்பத்தின் தலை மட்டும் தெரிந்தது. பதிமூன்று கோடு முழுகிவிட்டது. பதினாலாவது கோட்டில் நுரை மோதிக்கொண்டிருந்தது. ரேஞ்சர் அங்கிருந்தபடியே குவார்ட்டர்ஸுக்கு எதிரே இருந்த ஆற்றைத் திரும்பிப் பார்த்தார். விடியற்காலையில் அவர் பார்த்த கறுப்பு மேடு இப்போதும் அங்கே இருந்தது. அது பாறை இல்லை. வேரோடு வந்த ஒரு மரம். முழுகிப்போன பாறையின் மேல் குறுக்காகச் சிக்கி, தண்ணீர் ஏற ஏறத் தானும் மிதந்து எழும்பிக்கொண்டிருந்தது. ஆறு மணிக்கே பாறை இல்லை. ஆறு மணிக்கே பன்னிரண்டு அடி இருந்திருக்கும்.

"காலையில ஒம்போதுன்னுதானே சார் சொன்னீங்க?"

"மேல மலையில எங்கயோ மழ கொட்டியிருக்கு," என்றார் ரேஞ்சர். யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிற்று.

மச்சினனுக்குப் போன் செய்தார். மணி அடித்தது, எடுக்கவில்லை. திரும்பச் செய்தார். நாலாவது தடவை மணியும் அடிக்கவில்லை.

பம்ப் ஹவுஸுக்குப் போகும் மண்சாலை கரைக்குக் கீழே காணாமல் போயிருந்தது. படகுத்துறைக்குத் திரும்பி, பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிக் காட்டும் அன்னப்பட்சி உருவம் போட்ட படகை இருவரும் இழுத்து இறக்கினார்கள். அதைத் தவிர வேறு படகு இல்லை. நடு ஆற்றுக்குப் போகாமல், கரையோர மரங்களைப் பிடித்துப் பிடித்து, கிளைகளை ஒடித்துக்கொண்டு, அரைக் கிலோமீட்டர் போக முக்கால் மணி நேரம் ஆயிற்று. ரேடியோ ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பேசமாட்டானா என்று ரேஞ்சருக்கு ஏக்கமாக இருந்தது. தலைக்குள் வேறொரு குரல், 'பாக்காம சொல்லுவேனாடா', அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது.

பம்ப் ஹவுஸின் கதவு திறந்திருந்தது. உள்ளே இடுப்பளவு தண்ணீர். டீசல் வாடை. சுவரோரமாக மச்சினன் நின்றிருந்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. மூன்று மோட்டாரில் ஒன்றை மேலே ஏற்றிவிட்டு, இரண்டாவதைக் கப்பியில் பாதி தூக்கியபோது தண்ணீர் ஒரேயடியாக உள்ளே பாய்ந்திருக்கிறது. மோட்டார் ஊசலாடி வந்து அவன் வலது கையைச் சுவரில் வைத்து நசுக்கிவிட்டது. கப்பிச் சங்கிலி இடது கைக்கு எட்டவில்லை. கூட ஒரு ஆள் இருந்திருந்தால் இரண்டு இழுப்பில் விடுவித்திருக்கலாம். அப்படியே நின்றபடி, தண்ணீர் முழங்காலிலிருந்து இடுப்புக்கு ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"மாமா," என்றான். "வருவீங்கன்னு தெரியும்."

ரேடியோ சங்கிலியை இழுத்தான். ரேஞ்சர் மோட்டாரைத் தோளால் நெட்டித் தள்ளினார். கை வெளியே வந்தது. அவர் அதைப் பார்க்காமல் தன் சட்டையைக் கழற்றிச் சுற்றினார்.

படகில் மச்சினன் தலை அவர் மடியில் இருந்தது. குளிரில் பல் தந்தியடித்தாலும் பேசிக்கொண்டே வந்தான். "கொஞ்சம் சோம்பேறித்தனம் பண்ணிட்டேன் மாமா. சத்தம் ஒரு மாதிரியா இருக்குன்னு எனக்கே தோணுச்சு. நீங்க ஒம்போதுன்னு சொன்னதும் மறுபடி ஒரு தூக்கம் போட்டேன். உங்களச் சொல்லல. ஆறு இப்படி ஏறும்னு யாருக்குத் தெரியும்? அக்காகிட்ட கையக் காட்டாதீங்க."

"பேசாதடா."

"சரி."

ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். சுட்டுவிரலும் நடுவிரலும். மீதி மூன்றும் அசையுமா என்று கட்டு அவிழ்த்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். மனைவி வந்தாள். தம்பியின் தலையைத் தடவினாள். சத்தம் போட்டு அழவில்லை. ஈரச் சேலையோடு கட்டிலின் காலடியில் நின்றுகொண்டாள். ரேஞ்சர் யாரோ கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நின்றார். அந்தச் சட்டை அவருக்குச் சின்னது. பித்தான் மாட்டவில்லை.

மூன்று மணி வாக்கில் குடிநீர் எஞ்சினியர் வந்தார். நல்ல மனிதர்தான். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து முதலில் உடம்பை விசாரித்தார். அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"தம்பி, இத நான் கேட்டுத்தான் ஆகணும். ரெண்டு மோட்டார் போச்சு, ஊருக்குப் பத்து நாளைக்குத் தண்ணி இல்ல. மேல இருந்து கேக்குறாங்க. ஆறு மணிக்கு ஒன்பது அடி. இந்த ஆத்துல ஒரு மணி நேரத்துக்கு ஒரு அடிக்கு மேல தண்ணி ஏறினதா எங்க ரெக்கார்டுலயே இல்ல. அப்படிப் பாத்தா எட்டரை மணிக்குப் பதினொன்றரைதான். உள்ள தண்ணி எப்படி வரும்?"

"தெரியல சார். வந்துச்சு."

"நேத்து ராத்திரி பின்பக்க மதகு ஷட்டர் மூடினியா?"

"மூடினேன் சார்."

"நல்லா ஞாபகப்படுத்திப் பாரு. ஷட்டர் திறந்திருந்தாத்தான் பதினொரு அடியிலயே தண்ணி உள்ள வரும். வேற வழியே இல்ல."

மச்சினன் கூரையைப் பார்த்தபடி கிடந்தான். நெற்றி சுருங்கியது. "மூடினேன்னுதான் சார் நெனைக்கிறேன். சக்கரத்தச் சுத்தினேன். ஏழு சுத்து." இடது கையால் காற்றில் சுற்றிப் பார்த்தான். "இல்ல, அது முந்தாநாளா? நேத்து மழை அதிகம். சாப்பிடப் போற அவசரம்." குரல் தணிந்துவிட்டது. "மூடலியோ என்னமோ சார். நீங்க சொல்றதப் பாத்தா மூடியிருக்க மாட்டேன்."

எஞ்சினியர் பெருமூச்சு விட்டார். ரேஞ்சர் பக்கம் திரும்பினார். "அளவு நீங்கதானே எடுத்தீங்க? ஒன்பதுதானே?"

அறையில் மின்விசிறி சுழன்றது. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இருமினார். மனைவி ரேஞ்சரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமா சார்," என்றார் ரேஞ்சர்.

"உங்க வேலையப் பத்தித்தான் எல்லாருக்கும் தெரியுமே," என்று சொல்லிவிட்டு எஞ்சினியர் எழுந்தார்.

ரேஞ்சர் தண்ணீர் குடிக்கப் போவதுபோல வராந்தாவுக்கு வந்தார். குழாயைத் திறந்தார். தண்ணீர் வரவில்லை. ஊருக்கே வராது என்பது அப்போதுதான் உறைத்தது. மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"நீங்க காலையில எங்கயும் போகலதானே?"

அவர் குழாயை இன்னும் திருகினார்.

"எனக்குத் தெரியும். கோட்டு காஞ்சு கிடந்துச்சு. இன்னிக்கு மட்டுமில்ல, ரொம்ப நாளாவே தெரியும். ஜன்னல்ல நின்னு எழுதுறத எத்தன தடவ பாத்திருக்கேன். கேட்டா கோவம் வரும், காலங்காத்தால வீட்ல சண்டை எதுக்குன்னு விட்டுட்டேன். 'பாக்காம சொல்லுவேனாடா'ன்னு அவன்கிட்ட சொன்னீங்களே, அப்பவாவது போனப் பிடுங்கியிருக்கணும். டீ ஆறுதுன்னு சொன்னேன்." அவள் குழாயை மூடினாள். "அவனுக்குக் கை போச்சு. அதோட போகட்டும். செய்யாத தப்பச் செஞ்சேன்னு அவனே நம்ப ஆரம்பிச்சுட்டான். அத என்னால கேட்டுக்கிட்டு நிக்க முடியல. நீங்க சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லவா?"

எஞ்சினியர் போர்ட்டிகோவில் வண்டிக்காகக் காத்திருந்தார். ரேஞ்சர் படியிறங்கி ஓடினார். கிட்டப் போனதும் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. பித்தான் இல்லாத சட்டையை ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"சார், அந்த ஒன்பது அடி சரியில்ல."

"சரியில்லன்னா? மழையில கோடு தெளிவாத் தெரியலையா? அது சகஜம்தான். அப்படின்னா ஒரு அடி முன்னப் பின்ன இருக்கலாம்னு எழுதிக்கலாம்."

எஞ்சினியரே வழியைத் திறந்து வைத்தார். அதில் நுழைந்து வெளியே வந்துவிடலாம். மச்சினனுக்கும் பாதி பாரம் குறையும். ரேஞ்சர் அந்தப் பக்கம் ஒரு கணம் சாயத்தான் சாய்ந்தார்.

"இல்ல சார். நான் கம்பத்துக்கிட்ட போகவே இல்ல. வீட்டு ஜன்னல்ல நின்னு பாத்துட்டு எழுதினேன். பாறைன்னு நெனச்சது மரம். அப்பவே பன்னெண்டு இருந்திருக்கும். அவன் ஷட்டர் மூடியிருக்கான். தண்ணி முன்வாசல் வழியாத்தான் வந்துச்சு, நாங்க பாத்தோம்." மூச்சு வாங்கினார். "எட்டு மாசமாவே இப்படித்தான் சார் எழுதுறேன்."

எஞ்சினியர் வெகு நேரம் அவரைப் பார்த்தார். திட்டுவார் என்று ரேஞ்சர் எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அந்தத் தம்பி உங்களுக்கு என்ன வேணும்?"

"மச்சினன். வளத்த பிள்ள."

"எழுதிக் குடுங்க," என்றார் எஞ்சினியர். பையிலிருந்து ஒரு தாளும் பேனாவும் எடுத்துக் கொடுத்துவிட்டு, மழையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். ரேஞ்சர் பெஞ்சில் குனிந்து எழுதினார். எட்டு மாதம் என்பதையும் எழுதினார். கையெழுத்துப் போட்டார். வண்டி வந்ததும் எஞ்சினியர் தாளை வாங்கி மடித்துக்கொண்டு ஏறினார். போய் வருகிறேன் என்று சொல்லவில்லை.

மச்சினனிடமும் சொல்ல வேண்டுமே என்று தயங்கித் தயங்கி மேலே ஏறியும், படிகள் சீக்கிரம் முடிந்துவிட்டதுபோலத் தோன்றியது. அறையில் மச்சினன் விழித்திருந்தான். மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். ரேஞ்சர் ஸ்டூலில் உட்கார்ந்தார். கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். எஞ்சினியரிடம் சொன்ன அதே வரிசையில், அதே வார்த்தைகளில்தான் சொல்ல வந்தது.

மச்சினன் குறுக்கே பேசாமல் கேட்டான். முடிந்ததும் முதலில் கேட்டது இதைத்தான்:

"அப்ப ஷட்டர மூடினேன்தானே?"

"மூடியிருக்கடா."

"ஏழு சுத்து சுத்தினேன். நல்லா ஞாபகம் இருக்கு." அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஒரு நெடிய மூச்சு வந்தது. அப்புறம் கண்ணைத் திறக்காமலேயே, "தினமும் காலையில போன் பண்ணிக் கேப்பேனே மாமா," என்றான்.

"ஆமா."

"போய்ப் பாத்தீங்களான்னு கேப்பேன்."

"கேப்ப."

"ஹெல்ப்பர் கேப்பான், ஏண்ணே தினமும் போன் பண்றீங்கன்னு. எங்க மாமா சொன்னா அது தண்ணியே சொன்ன மாதிரின்னு சொல்லுவேன்."

மன்னித்துவிடு என்று ரேஞ்சர் சொல்லப் போனார். அதைக் கேட்கக்கூட ஒரு யோக்கியதை வேண்டும் என்று பட்டது. மச்சினன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஆயா வந்து ஒரு கிண்ணம் கஞ்சியும் கரண்டியும் வைத்துவிட்டுப் போனாள். "சூடா இருக்கும்போதே குடுத்துடுங்க. மாத்திரை போடணும்," என்றாள். காலையிலிருந்து அவன் வயிற்றில் ஒன்றும் இல்லை. ரேஞ்சர் கிண்ணத்தை எடுத்தார். மேலாக இருந்த ஏட்டை ஒதுக்கி, அரைக் கரண்டி எடுத்து, ஊதி, அவன் வாயருகே கொண்டு போனார்.

"கொஞ்சம் குடிடா."

மச்சினன் திரும்பிக் கரண்டியைப் பார்த்தான். அவரைப் பார்க்கவில்லை. கோபமாகவும் இல்லை, வெறுப்பாகவும் இல்லை. ஊர் பேர் தெரியாத ஒருவரிடம் மறுப்பதுபோல மெதுவாகத்தான் சொன்னான்.

"அக்கா வரட்டும்."

ரேஞ்சர் கரண்டியைக் கிண்ணத்தில் போட்டார். கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. சூடு விட்டுப் போகாமல் இரண்டு உள்ளங்கையாலும் அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, படியில் அவள் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காத்திருந்தார்.